வெளிச்சம் தெரியாத தீவின் கவர்னருக்கு

என் அருமை அப்பாவுக்கு, உங்கள் கோமு எழுதுவது.

உங்களை இன்னும் கராஜில்தான் வைத்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று கோயில் குருக்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தண்ணீர்ப் பாட்டில்கள் இருக்கும் அலமாரியில் மேல்தட்டை ஒழித்து, மஞ்சள் துணி விரித்து, அதன்மேல் உங்களை வைத்திருக்கிறோம். காரை உள்ளே விடும்போதெல்லாம் சுந்தர் உங்களைப் பார்த்து லேசாகத் தலை குனிகிறார். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்கள் மாப்பிள்ளை இவ்வளவு மரியாதை காட்டியதாக எனக்கு நினைவில்லை.

டெக்ஸாஸில், நம் ரவுண்ட் ராக்கில் இந்த வருஷம் மழை போதவில்லை. நீங்கள் தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலை போன குளிரில் கருகிப்போய், இப்போது மறுபடி துளிர் விட்டிருக்கிறது. உங்கள் பேரன் ஆதி காலேஜுக்குப் போய்விட்டான். உங்கள் அறை ஜன்னல் மறைப்புகளை நான் திறந்தே வைத்திருக்கிறேன். அது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தேதான் திறந்து வைத்திருக்கிறேன்.

இதை ஏன் ஊர் படிக்கும்படி எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது என்பது உங்கள் சட்டம். ஆனால் உங்களை நாங்கள் புகழ்ந்தது மேடையில், மைக் பிடித்து, நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்த ஹாலில். அந்தப் புகழ்ச்சியில் ஒரு பாதி விட்டுப்போய்விட்டது. விட்டதையும் அதே ஆட்கள் கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கடைசி வாரங்களில் ஹாஸ்பைஸ் கட்டிலை உங்கள் அறையிலேயே போட்டிருந்தோம், நினைவிருக்கிறதா? ஒரு நாள் காலை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னீர்கள்.

"ஏட்டி கோமு, என்னைய அந்தப் பாறைவாயில கொண்டுபோய்க் கரைச்சிரு. வேற எங்கயும் வேண்டாம்."

"ராமேஸ்வரம் வேண்டாமாப்பா? அம்மாவ அங்கதான கரைச்சோம்."

"வேண்டாம். பாறைவாய்."

அந்த இடம் எது என்று எனக்குத் தெரியும். உங்கள் தீவைச் சுற்றிலும் கடலுக்கடியில் பாறை. படகு உள்ளே நுழைய அதில் ஒரே ஒரு இடைவெளி உண்டு, அதற்குத்தான் பாறைவாய் என்று பெயர். நீங்கள் எத்தனையோ தடவை சொன்னதுதான். வாலிபத்தில் அரசாண்ட இடத்தின்மேல் இருந்த ஆசை என்று நினைத்துக்கொண்டேன். கண்ணீரோடு சரி என்றும் சொன்னேன். அந்த 'சரி'தான் இத்தனை மாதமாக என் தொண்டையில் நிற்கிறது.

உங்களை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் பிறந்து, நீச்சல்கூட ஒழுங்காகத் தெரியாமல் கடற்படையில் சேர்ந்தவர் நீங்கள். சிக்னல் பிரிவு. கப்பலுக்குக் கப்பல் விளக்கை மின்ன வைத்துப் பேசுகிற வேலை. உங்கள் கை வேகத்தைப் பார்த்து மேலதிகாரிகளே அசந்துபோவார்கள் என்று அம்மா சொல்வார். அதை எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று சிறுவயதில் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு உங்கள் பின்னாலேயே அலைந்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் வாங்கித் தருகிற நீங்கள் அதை மட்டும் சொல்லித் தரவே இல்லை.

நான் பிறந்த வருஷம் போர் வந்தது. எங்கோ கடல் நடுவே, நம் கடற்கரைப் பக்கத்து மீனவர்கள் ஒரு தலைமுறைக்கு முன்னால் குடியேறிய ஒரு சின்னத் தீவுக்கு உங்களைப் பொறுப்பாக அனுப்பினார்கள். அதன் பெயரை நான் இங்கே எழுதவில்லை, அங்கே இன்னும் மனிதர்கள் வாழ்கிறார்கள். உத்தரவில் உங்களுக்கு ஏதோ நீளமான பதவிப்பெயர். தீவுக்காரர்கள் அதைச் சுருக்கிக் கவர்னர் என்றார்கள். முப்பது வயதுகூட நிறையாத கவர்னர். போலீஸ், கோர்ட், ரேஷன் கடை எல்லாம் நீங்களே.

அந்தக் கதைகளை எத்தனை கெட் டுகெதரில் சொல்லியிருப்பீர்கள். ஒரு கோழிக்காக இரண்டு வீடு அடித்துக்கொண்டபோது, கோழியை அவிழ்த்துவிடுங்கள், எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டுக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொன்னீர்கள். அது நேராக உங்கள் பங்களாவுக்குள் நுழைந்து நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. இந்த இடத்தில் நீங்கள் நிறுத்தி, டீயை ஒரு வாய் குடிப்பீர்கள். கேட்டவர்களே திரும்பவும் சிரிப்பார்கள். போர் முடிகிறவரை எதிரிக் கப்பல் ஒன்றுகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, என்னை எதிர்த்த ஒரே ஆள் அந்தக் கோழிதான் என்று முடிப்பீர்கள்.

அம்மா பெருமையாகச் சொல்வது வேறு. "போர் முடியுற வரைக்கும் அந்தத் தீவுலேர்ந்து ஒரு பொட்டு வெளிச்சம் வெளிய தெரியல. அப்படி இருட்டடிப்புப் பண்ணி வெச்சிருந்தார் உங்கப்பா. அதுக்குத்தான் மெடல்." அம்மா இதைச் சொல்லும்போது நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். தற்பெருமை பிடிக்காத மனிதர் என்று நாங்கள் அதற்கும் சேர்த்து மெச்சிக்கொண்டோம்.

நம் வீட்டில் கார்த்திகைக்கு வாசலில் விளக்கு வைத்ததே இல்லை. தெருவெல்லாம் அகல் எரியும், நம் வீடு மட்டும் இருட்டாக இருக்கும். அம்மா பூஜை அறைக்குள்ளேயே ஏற்றிக் கதவைச் சாத்திவிடுவார். இங்கே டெக்ஸாஸுக்கு வந்த பிறகும் பொழுது சாயச் சாய நீங்கள் வீட்டைச் சுற்றி வந்து எல்லா ஜன்னலையும் மூடுவீர்கள். வாசல் போர்ச் லைட்டை அணைப்பீர்கள். சுந்தர் வேலை முடிந்து வந்து, சாவித் துவாரம் தெரியாமல் ஃபோன் வெளிச்சத்தில் தடவிக்கொண்டு நிற்பார். "கரன்ட் பில் நான் கட்டுறேன், மாமாவுக்கு ஏன் இவ்வளவு கவலை?" என்பார். வயதானால் எல்லா அப்பாக்களுக்கும் வருகிற கிறுக்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

நீங்கள் போன பிறகு ஹூஸ்டனில் ஒரு நினைவுக் கூட்டம் வைத்தோம். ரவுண்ட் ராக்குக்கு வருமுன் நாம் அங்கேதானே இருந்தோம், உங்கள் வாக்கிங் நண்பர்கள் எல்லாரும் அங்கேதான். ஹில்கிராஃப்ட் பக்கம் ஒரு ஹால். பெரிய திரையில் உங்கள் படங்கள் ஓடின. வெள்ளை யூனிஃபார்மில் தீவின் படகுத்துறையில் நீங்கள் நிற்கும் படத்தை நான்தான் தேடி எடுத்துப் பெரிதாக்கினேன். உங்கள் நண்பர் ரங்கராஜன் அங்கிள் மைக்கில் அம்மாவின் அந்த வாக்கியத்தையே சொன்னார். ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே தெரியவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

சாப்பாட்டு வரிசையில் என் வயதுப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். பெயர் ஸ்டெல்லா. ஆஸ்பத்திரியில் நர்ஸ், தோழியோடு வந்திருக்கிறாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அங்கிளோட அந்தப் படகுத்துறை போட்டோ, அது எந்த ஐலண்ட்?"

சொன்னேன்.

"தெரியும். கன்ஃபர்ம் பண்ணிக்கத்தான் கேட்டேன். நான் அங்கதான் பொறந்தேன்."

அப்பா, நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளைக் கட்டிக்கொண்டேன். அப்பா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்றேன். உங்கள் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் அவளை இழுத்து நிறுத்தி செல்ஃபி எடுத்தேன். டிசம்பரில் அஸ்தியைத் தீவுக்குக் கொண்டுபோகிறோம், டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அங்கே உங்கள் சொந்தக்காரர்கள் யாராவது படகு ஏற்பாடு செய்து தருவார்களா என்றும் கேட்டேன். அந்தப் படம் இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். அவள் கேமராவைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்க்கிறாள்.

"எங்கம்மா என்கூடத்தான் இருக்காங்க. அவங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து ஃபோன் வந்தது. "அம்மா உங்கள நேர்ல வரச் சொல்றாங்க. தனியா ட்ரைவ் பண்ணி வர முடியுமா?"

போனேன். ஸ்டெல்லாவின் அம்மா பெயர் லூர்தம்மாள். உங்களைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். ஒல்லியான உடம்பு, சேலைக்கு மேல் ஸ்வெட்டர், மடியில் ஜெபமாலை. டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. என்னை உட்காரச் சொன்னார், ஸ்டெல்லாவிடம் டீ கொண்டுவரச் சொன்னார். டீ என் கைக்கு வந்ததும் டிவியை நிறுத்தினார்.

"உனக்கு என்ன வயசு?"

சொன்னேன். விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார்.

"அப்ப நீயும் வயித்துலதான் இருந்திருக்க" என்றார்.

பிறகு அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். நான் எதையும் சேர்க்கவில்லை. தப்பிருந்தால் திருத்துவதற்கு நீங்கள் இல்லை, அது என் குற்றமில்லை.

அந்தத் தீவில் ஒரு வழக்கம் இருந்ததாம். கரையில் பாறைவாய்க்கு நேராக ஓர் உயரமான கம்பம். யார் வீட்டுப் படகு பொழுது சாய்ந்தும் திரும்பவில்லையோ அந்த வீட்டுப் பெண் கம்பத்தில் விளக்கை ஏற்றிக் கயிற்றால் மேலே இழுப்பாள். அந்த வெளிச்சத்தைப் பார்த்து நேராக வந்தால் படகு பாறையில் படாமல் உள்ளே நுழைந்துவிடும். இதை நீங்கள் எங்களுக்குச் சொன்னதே இல்லை. இத்தனைக்கும் அது உங்கள் தொழில். விளக்கால் பேசுகிற தொழில்.

போர் வந்ததும் நீங்கள் அந்தக் கம்பத்தின் கயிற்றை அவிழ்த்து எடுத்துவிட்டீர்கள். காவலுக்கு ஆள் போட்டீர்கள். படகுகள் வெயில் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும் என்று சொன்னீர்கள். எல்லாரும் கேட்டார்கள். பல நாள் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் காற்று மாறியது. லூர்தம்மாளின் புருஷன் சூசையின் படகு நேரத்தோடு திரும்ப முடியவில்லை. அதில் நாலு பேர்.

"பாறைக்கு அந்தப் பக்கம் பாய் தெரியுது. வெளிச்சம் கொறஞ்சுக்கிட்டே வருது. நாங்க பொம்பளைங்க அஞ்சாறு பேரு பங்களாவுக்கு ஓடுனோம். நான் நெறமாசம். உங்கப்பாரு வெளிய வந்தாரு. அவரு ஒண்ணும் கத்தல. மரியாதையாத்தான் பேசுனாரு. அம்மா, ஒரு வெளக்கு ஏத்துனா இந்தத் தீவு இருக்கறது எதிரிக்குத் தெரிஞ்சிரும், எல்லாரு உசுரும் என் பொறுப்புன்னாரு. வெளியிலயே நங்கூரம் போட்டு விடியுற வரைக்கும் நிக்கட்டும், ஒண்ணும் ஆகாதுன்னாரு."

லூர்தம்மாள் அணைந்த டிவியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அவரு கடல் தெரிஞ்ச ஆளுதான? அந்தக் காத்துல அந்தப் படகு நிக்குமா?"

அவர் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

"நாங்க கால்ல விழுந்தோம். அவரு வெலகிக்கிட்டாரு. அப்புறம் உள்ள ஆளக் கூப்புட்டு எங்களுக்கு டீ குடுக்கச் சொன்னாரு."

என் கையில் டீ இருந்தது. கீழே வைக்கப் போனேன்.

"நீ குடி. உனக்கென்ன" என்றார்.

உங்களை அறிந்த எல்லாருக்கும் உங்கள் டீ தெரியும். குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர், பார்சல் கொண்டுவந்த பையன், ஹாஸ்பைஸ் நர்ஸ், யார் வந்தாலும் முதலில் டீ. மனுஷன் நின்னா டீ குடுக்கணும் என்பீர்கள். அந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது, அப்பா? அன்று அதற்கு முன்பே இருந்ததா, அதற்குப் பிறகு வந்ததா?

இருட்டிய பிறகு கரையில் நின்ற பெண்களுக்குப் படகு தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டதாம். "வெளக்கு, வெளக்குன்னு கூப்புட்டாங்க. எம் பேரச் சொல்லியும் கூப்புட்டாரு. நாங்க பதிலுக்குக் கூப்புட்டோம். சத்தத்த வச்சுப் பாறைவாயக் கண்டுபுடிக்க முடியாது, எங்க குரல் காத்துல எந்தப் பக்கமோ போகுது." விடிந்ததும் பலகைத் துண்டுகள் ஒதுங்கின. ஆட்கள் ஒருவரும் கிடைக்கவில்லை. நாலு பேரும் அந்தப் பாறைவாயில்தான் இன்னும் இருக்கிறார்கள் என்பது லூர்தம்மாளின் கணக்கு.

ஸ்டெல்லா அதற்கு அடுத்த வாரம் பிறந்தாள். நான் பாளையங்கோட்டையில் இன்னும் சில வாரம் கழித்துப் பிறந்தேன். நான் பிறந்த தந்தி உங்களுக்கு எப்போது கிடைத்தது? அதைப் படித்தபோது உங்களுக்கு அந்தப் பங்களா வராந்தாவில் நிறைமாத வயிற்றோடு நின்ற லூர்தம்மாள் நினைவுக்கு வந்தாரா? என்னை முதன்முதலில் தூக்கியபோது நீங்கள் அழுததாக அம்மா சொல்வார். அதையும் நான் பாசம் என்றே எண்ணியிருந்தேன். பாசமும் இருந்திருக்கும். வேறென்ன இருந்தது?

வீட்டுக்கு வந்து சுந்தரிடம் சொன்னேன். ஆதிக்கு வீடியோ காலில் சொன்னேன். உங்கள்மேல் உயிரையே வைத்திருந்த பிள்ளை, முகம் சுண்டிப்போய், "ஹி வாஸ் டூயிங் ஹிஸ் ஜாப், மா. வாட் இஃப் எ ஷிப் வாஸ் ஆக்சுவலி தேர்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். கப்பல் இருந்திருந்தால்? அந்த விளக்கைப் பார்த்து வந்து குண்டு போட்டிருந்தால்? தீவில் குழந்தைகளும் இருந்தார்கள். உங்கள் இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அன்று மாலை அந்த வராந்தாவில் உங்களுக்குக் கப்பல் வராது என்று தெரியாது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மறுநாள் காலை என்ன தெரியாது? போர் முடிந்த பிறகு என்ன தெரியாது? என் கோபமெல்லாம் அங்கேதான். அந்தப் பெண்களிடம் ஒரு தடவை திரும்பிப் போய் நின்றீர்களா? வேறு ஊருக்கு மாற்றல் வந்தது, மெடல் வந்தது, பதவி உயர்வு வந்தது. எங்களுக்குக் கோழிக் கதை வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் நீங்கள் வைத்துக் காப்பாற்றிய கதையில் அந்த நாலு பேருக்கு இடமே இல்லை. எதிரிக் கப்பல் ஒன்றுகூட வரவில்லை என்று நீங்கள் சிரித்தபோதெல்லாம் நாங்களும் சிரித்தோம். எந்தக் கப்பலுக்குப் பயந்து அந்த விளக்கை ஏற்றவிடவில்லையோ, அது வரவே இல்லை என்றல்லவா சிரித்திருக்கிறோம்.

நீங்கள் தண்டனையே அனுபவிக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். தினமும் பொழுது சாயும்போது ஜன்னல் ஜன்னலாக நடந்தீர்களே, அது என்னவாம்? அந்த உத்தரவு சரிதான் என்று உங்களுக்கு நீங்களே நிரூபித்துக்கொண்டிருந்தீர்களா? வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல்தான் அணைத்தீர்களா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் உங்களோடு சுற்றி வந்திருப்பேன் அப்பா. உங்களைத் தனியாக விட்டிருக்க மாட்டேன்.

லூர்தம்மாளை மறுபடி பார்க்கப் போனேன். சொன்ன வாக்கு இருக்கிறதே. அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன். அப்பாவின் கடைசி ஆசை இது, உங்கள் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஜெபமாலையைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம்."

நான் தலையாட்டினேன்.

"கோவத்துல சொல்றேன்னு நெனைக்காத. எனக்கு இப்பக் கோவப்பட ஒடம்புல தெம்பில்ல. அது எங்க ஆளுங்க கெடக்கற எடம். அவங்களுக்குக் கல்லறை கெடையாது, அந்தத் தண்ணிதான். செத்தும் அவரு அங்க வந்து கவர்னரா நிக்க வேண்டாம்."

பிறகு, "மன்னிப்புக் கேக்கணும்னு நெனச்சிருந்தா உசுரோட வந்திருக்கணும். சாம்பல் என்னத்தப் பேசும்?" என்றார்.

ஸ்டெல்லா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கார் வரை கொண்டுவந்து விட்டாள். நவம்பரில் கல்லறைத் திருநாள் வருகிறது என்றாள். மற்றவர்கள் அன்று கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். இவர்களுக்குக் கல்லறை இல்லாததால், அமெரிக்கா வந்த முதல் வருஷத்திலிருந்து அம்மாவைக் கால்வெஸ்டன் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறாளாம். மணலில் குழி தோண்டி, கடலைப் பார்க்க ஆளுக்கொரு மெழுகுவத்தி.

நான் வரலாமா என்று கேட்டனுப்பினேன். பதில் ஸ்டெல்லாவின் ஃபோனிலிருந்து வந்தது. "அம்மா வரச் சொல்லிட்டாங்க. ஆனா மெழுகுவத்தி உங்களோடத நீங்களே கொண்டுவரணுமாம்."

போன வாரம்தான் போய்விட்டு வந்தேன். கால்வெஸ்டனில் கரை முழுக்க வெளிச்சம், அப்பா. ஹோட்டல்கள், ராட்டினம், கார்கள். கடலுக்குள்ளும் தூரத்தில் கப்பல் விளக்குகள். இதையெல்லாம் அணைக்க வேண்டுமானால் நீங்கள் எவ்வளவு நேரம் நடக்க வேண்டியிருக்கும். லூர்தம்மாள் அந்த வெளிச்சங்களுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்தார். காற்று பலமாக அடித்தது.

ஒவ்வொரு மெழுகுவத்தியாக ஏற்றி ஒவ்வொரு பெயராகச் சொன்னார். சூசை. அவர் தம்பி பிச்சை. மிக்கேல். இன்னாசி. உங்கள் வாயால் நான் ஒரு நாளும் கேட்காத பெயர்கள். உங்களுக்கு அவை தெரியுமா? தெரிந்து சொல்லாமல் இருந்தீர்களா, கேட்டே தெரிந்துகொள்ளவில்லையா? இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் கொண்டுபோன மெழுகுவத்தி நிற்கவே இல்லை. ஏற்ற ஏற்ற அணைந்தது. லூர்தம்மாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "குழிய ஆழமாத் தோண்டு. காத்து எந்தப் பக்கம் வருதுன்னு பாக்காம வைக்கிற" என்றார். தோண்டினேன். என் கைக்குப் பக்கத்தில் அவர் கையை வளைத்து மறைப்பாக வைத்தார். அது பிடித்துக்கொண்டது. அவர் அந்தக் கையை எடுத்துவிட்டார். மன்னித்துவிட்டார் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள், நானும் எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்ததும் சுந்தர், "கால்வெஸ்டன்லயாவது கரைச்சிடலாமே கோமு, எவ்வளவு நாள் கராஜ்ல வெச்சிருக்க முடியும்?" என்றார். அந்தக் கடலிலும் இப்போது அவர்களுடைய மெழுகுவத்தி எரிகிறது, முடியாது என்றேன். குருக்களிடம் கேட்டதற்கு ஏதாவது ஆற்றிலாவது கரைத்துவிடுங்கள் அம்மா என்றார். ஆறு கடலுக்குத்தானே போகிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அதனால் என் முடிவைச் சொல்கிறேன். உங்களுக்குச் சொன்ன 'சரி'யை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பாறைவாய்க்கு உங்களைக் கொண்டுபோக மாட்டேன். எந்தக் கடலிலும் விட மாட்டேன். பின்பக்கம் அந்த ஓக் மரத்தடியில் மண்ணில் வைக்கப்போகிறேன். இந்த ஊரில் ஒரு சாண் தோண்டினால் சுண்ணாம்புக் கல் வந்துவிடும், சுந்தர் அதற்கென்று கடப்பாரை வாங்கி வந்திருக்கிறார். தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு ஆதி வந்ததும் மூன்று பேருமாகச் செய்வோம். கடற்படைக்காரரைக் கடலே இல்லாத ஊரில் வைக்கிறோமே என்று எனக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. அழுகையும் வருகிறது. ஆனாலும் அப்படித்தான் செய்வேன்.

இன்னொன்றும் உண்டு. கார்த்திகை வருகிறது. அகல் வாங்கிவிட்டேன். இந்த வருஷம் பூஜை அறைக்குள் இல்லை, வாசலில், தெருவைப் பார்க்க, அந்த நாலு பெயருக்கும் ஒவ்வொன்றாக ஏற்றுவேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து வைப்பேன். அகல் அணைந்த பிறகும் போர்ச் லைட் எரியும், அன்றும், அதற்கு மறுநாளும், நான் இந்த வீட்டில் இருக்கும் எல்லா நாளும். உங்கள் உத்தரவுகளில் இதையும் நான் மீறுகிறேன். நீங்கள் அந்த மரத்தடியில் இருப்பீர்கள். எழுந்து வந்து அணைக்க உங்களால் முடியாது அப்பா.

உங்கள்மேல் கோபமும் தீராத, பாசமும் தீராத,
உங்கள் ஒரே மகள்
கோமதி